படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறை

நாங்கள் மண்ணுக்குள் இறக்குகிற குழாய்க்கு ஒரு முழம் மேலே மஞ்சள் நாடா ஒன்றை நீளவாக்கில் போட்டுத்தான் பள்ளத்தை மூடுவோம். ‘கீழே கேபிள் உள்ளது, தோண்டாதே’ என்று அதில் அச்சடித்திருக்கும். நாள் முழுக்கத் தோண்டிவிட்டு, சாயங்காலம் ‘தோண்டாதே’ என்று புதைத்துவிட்டு வருகிற வேலை. நாற்பது வயதுக்கு மேல் தொழிலாளர் சங்கத்து வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட நான், யார் துணையும் இல்லாமல் கடைசி வரை படித்த முதல் வாக்கியம் அதுதான். படித்த சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற என் மைத்துனனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு யோசித்தான்.

“இத காலையிலயே காட்டியிருந்தா வீட்லயே இருந்திருக்கலாமே மாமா” என்றான்.

அவன் என் மனைவியின் தம்பி. கல்யாணச் சீரோடு சேர்த்து அவனையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொல்வான். பள்ளத்தில் எனக்கு எதிரே நின்று தோண்டுவான். அவன் வாய் ஓயாது. அந்த வாய் இல்லாவிட்டால் என் கையும் ஓடாது.

அந்த வருடம் நாங்கள் போட்டுக்கொண்டு வந்தது ஊருக்குப் போடுகிற கேபிள் இல்லை. நாட்டில் இருக்கிற பல்கலைக்கழகம், கல்லூரி, ஆராய்ச்சி நிலையம் எல்லாவற்றையும் ஒரே வலையில் கட்டுகிறார்களாம். ஒவ்வொரு நிறுவனமாக அதில் சேர்ந்துகொண்டு வருகிறதாம். இந்தச் சுற்றில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரியும் சேரப்போகிறது என்று மேஸ்திரி சொன்னார். மேஸ்திரி எதற்கெடுத்தாலும் ‘ஆச்சு, ஆச்சு’ என்பார். வேலை ஆரம்பிக்கும்போதே ஆச்சு என்பார். அதனால் ஆச்சு மேஸ்திரி என்றுதான் நாங்கள் அவரைச் சொல்வது, அவர் இல்லாதபோது.

அந்தக் கல்லூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் படிக்கப் போனாள், கடைசி வருடம். மனைவி கூட்டித் துடைக்கப் போனாள். அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். சாவிக் கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும். இப்போது நானும் மைத்துனனும் தோண்டப் போனோம். குடும்பமே காலேஜ் சேர்ந்தாச்சு என்று அவன் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

மகளுக்கு அந்த வலை எதற்கு வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செடியின் இலையில் விழுகிற நோயைப் படம் படமாக எடுத்துக் கம்ப்யூட்டரை விட்டுக் கண்டுபிடிக்க வைப்பது அவளுடைய கடைசி வருட ஆராய்ச்சி. அந்தப் படங்கள் எல்லாம் நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்து மெஷினில் கிடக்கின்றன. இங்கே கல்லூரியில் இருந்த இன்டர்நெட்டில் அதைத் திறக்கப் பார்த்தால் ஒரு படம் வருவதற்குள் இலையே உதிர்ந்துவிடும் என்பாள். அதனால் சனிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி அங்கே போய், அவர்கள் ஒதுக்கித் தருகிற நேரத்துக்குக் காத்திருந்து, வேலையை முடித்துக்கொண்டு இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கக் கூடக் குனிய மாட்டாள். காலாலேயே தள்ளுவாள்.

“இது ஊரு இன்டர்நெட் மாதிரி இல்லப்பா. படிக்கிற எடங்களுக்கு மட்டும் தனியா ஒரு ரோடு. நம்ம காலேஜ் சேர்ந்துட்டா நான் இங்கயே உக்காந்து செஞ்சிடுவேன்.”

“அந்த ரோட்டத்தான்டி உங்கப்பன் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கேபிள் கல்லூரியில் எந்த அறைக்குள் போய் முடிகிறது என்று மேஸ்திரி ஒரு மாலை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். பெரிய படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்டோர் ரூம். அங்கேதான் பெட்டி வைத்து, பேட்டரி வைத்து, பூட்டுப் போடுவார்களாம். நான் அதை வீட்டில் வந்து பேச்சுவாக்கில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“ஸ்டோர் ரூமா? யார் சொன்னா?”

“மேப்புல போட்டிருக்கு.”

“அப்ப நாங்க அஞ்சு பேரும் ஸ்டோர் சாமானா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன், ‘எங்க ரூம்’, ‘எங்க ரூம்’ என்று. அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. அந்த அறை கிடைப்பதற்கு முன்னால் அவர்கள் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். கக்கூஸுக்குள் நின்று உடை மாற்றினார்கள். மழை வந்தால் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். பழைய பிரின்சிபால் போகிற போக்கில் ஒரு நாள் மனமிரங்கித் திறந்து கொடுத்த அறை அது. பாய் போட்டு, ஆணி அடித்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டி வைத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டுவார்கள். என் மனைவிக்கு முட்டி வீக்கம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவளுடைய மிச்ச நாள் ஓடியது.

மகள் நடுவே வந்தாள். “அம்மா, அந்த ரூமுக்கு ஏசி எல்லாம் போடுவாங்களாம்.”

“யாருக்கு?”

“மெஷினுக்கு.”

“மெஷினுக்கு வேர்க்குமா?”

“சூடாயிடும்மா. சூடானா வேலை செய்யாது.”

“எனக்கும்தாண்டி சூடாகுது. நான் செய்யல?”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஒரு ரூம்தானம்மா” என்றாள் மெதுவாக.

“ஆமா. ஒரே ஒரு ரூம்தான்.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் என் வழியாகத்தான் பேசினார்கள். ‘அவளைச் சாப்பிடச் சொல்லுங்க’, ‘அம்மா கிட்ட பசிக்கலைன்னு சொல்லுங்கப்பா.’ ஒரே அறைக்குள் இருந்துகொண்டு. நான் வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்தால் நிமிர முடியாது. இதில் தபால்காரன் வேலை வேறு.

யார் பக்கம் பேசுவது? மகளைப் பார்த்தால் மகள் சொல்வது சரி. மனைவியைப் பார்த்தால் மனைவி சொல்வது சரி. நான் இரண்டு பேரையும் பார்க்காமல் காலையிலேயே வேலைக்குக் கிளம்பினேன். தோண்டு என்றால் தோண்டுகிறவன். எங்கே போய் முடிகிறது என்று கேட்கிற இடத்தில் நான் எப்போதும் இருந்ததில்லை.

“மாமா, மெதுவா போலாம்” என்றான் மைத்துனன் பள்ளத்துக்குள். “நாம எவ்வளவு மெதுவா போறமோ, அக்கா அவ்வளவு நாள் படுத்துக்கலாம்.”

“அப்ப உன் மருமக சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிக்கிட்டே இருக்கணுமா?”

“அப்ப வேகமா போலாம்.”

“வேகமா போனா உங்கக்கா?”

அவன் மண்வெட்டியை ஓங்கியபடியே நின்றான். “மாமா, பேசாம இப்பிடியே நின்னுக்கிட்டா என்ன?”

“ஆச்சா?” என்று மேலே இருந்து மேஸ்திரி குரல் வந்தது. நின்றுகொள்கிற யோசனை அதோடு முடிந்தது.

பள்ளம் கல்லூரியின் பின்பக்க வேலியைத் தாண்டிக் கட்டடத்தைத் தொட்டது. சுவர் ஓரமாகக் கடைசிக் குழியை எடுத்து, பின்னால் உதவும் என்று கொஞ்சம் கேபிளைச் சுருட்டி அதற்குள் வைத்தோம். எல்லாக் குழியிலும் அப்படி ஒரு சுருள் விட்டு வைப்பது எங்கள் வழக்கம். பிறகு சுவரில் துளை போட வேண்டும். துளையிடும் மெஷினைப் பிடித்து அழுத்தினேன். காய்ந்த சுவராக இருந்தால் தூள் பறக்கும். இங்கே களிமண் மாதிரி குழகுழவென்று வந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சுவர் வேர்த்திருந்தது.

“மேஸ்திரி, இதுக்குள்ள தண்ணிக் குழாய் போகுது.”

மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் அருகில் வந்து குந்தினார். “ஆச்சு, ஆச்சு. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதோட போகட்டும்.”

விஷயம் இதுதான். மேல்தளத்துக் கக்கூஸ்களில் ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அந்தச் சுவருக்குள்தான் இறங்கி ஓடுகிறது. பெட்டி வைக்கிற அறையின் சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கக்கூடாது என்பது வலைக்காரர்களின் கண்டிப்பான விதி. மேலே தண்ணீரை நிறுத்தலாம் என்றால் வால்வு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. திருகினால் கையோடு வந்துவிடும். குழாயை வேறு வழியில் மாற்றக் கல்லூரியில் வசதி இல்லை. சும்மா கிடக்கிற வேறு அறையும் இல்லை. அவர்களிடமிருந்து ஆய்வுக்கு வருகிறவர் அறை சரியில்லை என்று சொல்லிவிட்டால் கல்லூரி இந்தச் சுற்றிலிருந்து விழுந்துவிடும். அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பிரின்சிபால் அம்மாவிடம் மட்டும் மேஸ்திரி காதோடு சொன்னார்; அவர் வந்து பார்த்தார். நல்ல மனுஷி. நடக்கும்போதே தூங்குகிறவர் மாதிரி இருப்பார். இந்த இணைப்புக்காகப் பல வருடமாக அலைந்திருக்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“பெயின்ட் அடிச்சிடலாம்” என்றார் மேஸ்திரியிடம். “அவர் வர்ற அன்னிக்கு மட்டும் மேல யாரும் தண்ணி தொறக்காம பாத்துக்கறேன். பாத்ரூம் எல்லாத்தையும் பூட்டச் சொல்லிடறேன்.” அப்புறம் என்னையும் ஒரு தரம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பெண்கள் அறையைக் காலி செய்தார்கள். பாயைச் சுருட்டி சைக்கிள் கொட்டகைப் பரணில் போட்டார்கள். கண்ணாடியை மட்டும் என் மனைவி துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் அதை மாட்டவில்லை. முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். நாங்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

ஆய்வு நாள் வந்தது. வந்தவர் ஒரு பையை முதுகில் மாட்டாமல் மார்பில் மாட்டியிருந்தார். நல்ல ஜலதோஷம். அந்த வாரம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியிருப்பார் போல. யாராவது ‘உட்காருங்கள்’ என்று சொன்னால் அப்படியே தூங்கிவிடுகிற முகம். பிரின்சிபால் அம்மா முன்னே நடக்க, மேஸ்திரி பின்னே நடக்க, கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

நான் அந்த அறைக்குள் கால் வைத்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை துளையைத்தான் பார்த்தேன். இப்போது அறையைப் பார்த்தேன். மேல்தளம் படிக்கட்டின் சாய்வோடு சரிந்து வந்து, கடைசியில் உட்கார்ந்தால் மட்டும் தலை இடிக்காத உயரத்துக்கு இறங்கியிருந்தது. புதுப் பெயின்ட் வாசனை. ஆணிகளைப் பிடுங்கிய இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள். கீழே தரையில், பாய் கிடந்த இடம் சுற்றிலும் இருந்த தரையைவிட வெளுத்திருந்தது.

வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்தார். பூட்டைத் திருகினார். மின்சாரத்தை அளந்தார். ஜன்னலைச் சாத்தித் திறந்தார். எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றார். தும்மினார். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

“இது மட்டும் புதுப் பெயின்ட்டா இருக்கே. உள்ள தண்ணி லைன் ஏதாவது போகுதா மேடம்?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல” என்றார் பிரின்சிபால் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதான தொளை போட்டது? ஈரம் கீரம் எதாவது தட்டுச்சாண்ணே?”

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் என் மனைவி துடைப்பக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துடைக்கவில்லை, நின்றாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தூணோரமாக என் மகள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். ஒரே மாதிரி முகம் இரண்டு பேருக்கும். அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் சுவர் பேசிவிட்டது. முதலில் மேலே எங்கேயோ ஒரு குமுறல். பிறகு கடகடவென்று எங்கள் தலைக்கு மேலிருந்து இறங்கி, தோள் பக்கமாக ஓடி, பெருமூச்சு விட்டு நின்றது. நின்றது என்று நினைத்தோம். மறுபடி கடகடவென்றது. யாரோ வாளி வாளியாகப் பிடித்து ஊற்றிக் கழுவுகிறார்கள்.

வந்தவர் தும்முவதற்காக எடுத்த கைக்குட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிரின்சிபால் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே போய் அழைத்து வந்தது நெட்டை அக்காவை. துப்புரவுப் பெண்களில் மூத்தவள், கொஞ்சம் காது மந்தம். முழங்கால் வரை ஈரத்தோடு, கையில் பிரஷ்ஷோடு, வாயெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள்.

“யாரு உன்ன மேல தண்ணி தொறக்கச் சொன்னது?” என்று பிரின்சிபால் அம்மா கத்தினார்.

“ஆமாம்மா, பளபளன்னு ஆக்கிட்டேன். பெரிய மனுசரு வர்றாரு. அவசரத்துக்கு மேல போவணும்னு தோணிச்சின்னா? முகம் சுளிக்கக் கூடாதில்ல!”

வந்தவர் கைக்குட்டைக்குள் சிரித்தாரா தும்மினாரா என்று தெரியவில்லை. “ரொம்ப நன்றிம்மா” என்றார் அவளிடம். பிறகு பிரின்சிபால் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். “இந்த ரூம் சரிப்படாது மேடம். நான் எழுதலன்னாலும், ஒரு நாள் அந்தக் குழாய் வெடிக்கும். சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கேன். வேற ரூம் காட்டுங்க. இல்லன்னா அடுத்த சுற்றுல பாக்கலாம்.”

பூட்டியிருந்த கக்கூஸ் எப்படித் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் என் மனைவியின் இடுப்பைப் பார்த்தேன். சாவிக் கொத்து அங்கே இல்லை. நெட்டை அக்காவின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரின்சிபால் அம்மா கொஞ்ச நேரம் வராந்தாவில் இப்படியும் அப்படியுமாக நடந்தார். பிறகு கட்டடத்தின் முன்பக்கம் போய், எப்போதும் பூட்டியே இருக்கிற ஒரு கதவுக்கு முன்னால் நின்றார். அது தலைவர் ரூம். கல்லூரியை நடத்துகிற சங்கத்தின் தலைவர் வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் உட்காருவதற்கு. உள்ளே சோபா, கண்ணாடி அலமாரி, ஏசி, அவர் மாலையோடு நிற்கிற படங்கள். பிரின்சிபால் அம்மா போனை எடுத்தார். வாசல்படியில் உட்கார்ந்து எண்ணை அழுத்தியவர், பேசும்போது எழுந்து நின்றுகொண்டார்.

“ஐயா, வேற எடமே இல்லீங்க... ஆமாங்க... இல்லீங்க, மரியாதைக் குறைச்சல்னு இல்லீங்க... சோபாவ என் ரூம்ல போட்டுக்கறேன். நீங்க வர்றப்ப நான் வெளிய உக்காந்துக்கறேன்... சரிங்க. சரிங்க ஐயா.”

போனை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். “தொறங்க” என்றார். என் மனைவி போய்ச் சாவிக் கொத்தை நெட்டை அக்காவிடமிருந்து வாங்கி வந்து திறந்தாள். வந்தவர் நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தார். காய்ந்த சுவர். “இது போதும்” என்றார்.

அதற்கப்புறம் எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் முற்றத்தைப் பார்த்தோம்.

கேபிள் வந்து நிற்பது கட்டடத்துக்குப் பின்னால். தலைவர் ரூம் முன்னால். குழியில் நாங்கள் விட்டு வைத்த சுருள் பாதி தூரம் கூட வராது. புதுசாக நீளம் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நடுவே இருந்தது மண் தரை இல்லை. தலைவர் கார் சேற்றில் இறங்கக்கூடாது என்று முற்றம் முழுக்கக் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டைப் போட்டதும் நாங்கள்தான். நான், மைத்துனன், இதே மேஸ்திரி.

“கொஞ்சம் சுமாரா போட்டிருக்கலாம் மாமா” என்றான் மைத்துனன், குதிகாலால் தட்டிப் பார்த்து. “நாணயமா வேலை செஞ்சா இப்பிடித்தான்.”

“ஆச்சு, ஆச்சு” என்றார் மேஸ்திரி. அன்றைக்கு அவர் அதைச் சொன்ன விதத்தில் அழுகை மாதிரி ஏதோ இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மகள் பேசினாள். என் வழியாக இல்லை, நேராகவே. கேபிள் சுற்றி வந்து, ஒட்டி, பெட்டி வைத்து, விளக்கு எரிவதற்குள் அவளுடைய ஆராய்ச்சியைக் கொடுக்க வேண்டிய நாள் தாண்டிவிடும். மிச்ச சனிக்கிழமை எல்லாம் பஸ்தான். அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளுக்கு அந்த ரோடு கிடைக்கும். அவளுக்குக் கிடையாது.

“அம்மா, வேணும்னே செஞ்சியா?”

“பூட்டு போட்டேன். சாவிய அக்கா கேட்டுது. குடுத்தேன்.”

“எதுக்குக் குடுத்த?”

“விருந்தாளி வர்றாங்க. கழுவாம வெப்பாங்களா?”

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியும் பார்வையை விலக்கவில்லை. பிறகு மகள் எழுந்து போய்ப் பையில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

படுக்கும்போது மனைவி கேட்டாள். “அவரு உங்கள கேட்டாரில்ல. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

“வாயத் தொறந்தேன்.”

“அது பாத்தேன். என்ன சொல்ல வந்தீங்க?”

“முதுகு வலிக்குதுடி.”

“திரும்பிப் படுங்க” என்றாள். தைலத்தை எடுத்துத் தேய்த்தாள். அவள் கையும் என் முதுகு மாதிரித்தான், சொரசொரவென்று. இரண்டும் பழகினவை.

அந்தச் சனிக்கிழமை மகள் கிளம்பும்போது, மனைவி கேட்காமலேயே பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள், வீங்கின முட்டியோடு. இரண்டு பேரும் பேசிக்கொண்டு போனார்களா என்று தெரியாது. பின்னாலிருந்து பார்த்தேன். பேசின மாதிரி இல்லை.

திங்கட்கிழமை காலை சுவரோரத்தில் அந்தக் கண்ணாடி இல்லை. மகள் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தாள். நான் வேலைக்குப் போனபோது நெட்டை அக்கா வராந்தாவில் என்னை நிறுத்தி, “ஒங்க பொண்ணு வந்து ஆணி கேட்டுச்சு. பழைய எடத்துலயே மாட்டிட்டுப் போயிருக்கு. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு, நான் சொல்லல” என்றாள். பெரிய குரலில் சொன்னாள். கல்லூரிக்கே கேட்டிருக்கும்.

நாங்கள் கான்கிரீட்டை வெட்டினோம். வெயில் கீழேயிருந்தும் அடித்தது. வெட்டும் மெஷினின் அதிர்வு கையில் ஏறி, வேலை நின்ற பிறகும் விரல்கள் தானாக ஆடின. அரை முழம் போவதற்குள் கம்பி தட்டும். கம்பியை வெட்டினால் அடுத்த கம்பி. மைத்துனன் கூடப் பேச்சைக் குறைத்துவிட்டான். இரண்டாம் நாளா மூன்றாம் நாளா, மத்தியானம் எனக்குக் கண் இருட்டியது. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். தரை என்னை விட்டு விலகிப் போகிற மாதிரி இருந்தது.

“வாங்க” என்று மனைவியின் குரல் கேட்டது.

என்னையும் மைத்துனனையும் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போனாள். மற்ற பெண்கள் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு எழுந்து போயிருந்தார்கள். பாய் அதே வெளுத்த இடத்தில் கிடந்தது. நான் போட்ட துளையைத் துணி சுருட்டி அடைத்திருந்தார்கள். மைத்துனன் தாழ்ந்த பக்கம் தவழ்ந்து போனான், நங்கென்று தலையை இடித்துக்கொண்டான். “பிரமாதமான ரூம்க்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே குறட்டை விட்டான்.

நான் காலை நீட்டினேன். ஈரச் சுவரின் குளுமை பாதம் வரை வந்தது. ஏசி எதற்கு என்று தோன்றியது. மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் என் தலைமாட்டில் கடகடவென்று இறங்கி ஓடியது. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருடம் அவள் தூங்கியிருக்கிறாள்.

அவள் கதவருகில் நின்றாள். கோணலாக மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள், நேராக்கவில்லை.

“காஞ்ச சுவருன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன்.

“தெரியும்.”

“பொண்ணு நின்னுக்கிட்டிருந்தா...”

“தெரியும்னு சொன்னேன்ல.” சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “தெரியாமலா சாவியக் குடுத்தேன்?”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் கண் சொருகிக்கொண்டு வந்தது. அவள் வெளிச்சம் முகத்தில் விழாமல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. முற்றத்திலிருந்து மேஸ்திரியின் குரல் வந்து எழுப்பியது.

“ஆச்சா? ஏய், எங்கப்பா போனீங்க? ஆச்சா?”

தாழ்ந்த மூலையிலிருந்து, கண்ணைத் திறக்காமலேயே மைத்துனன் பதில் கொடுத்தான்.

“இன்னும் ஆகல மேஸ்திரி.”